அழிந்துபோன ஒரு குடியேற்ற நகரின் வரலாற்றைத் தேடி எழுதுவது எப்படி: யாமித்தை வைத்து ஒரு செய்முறை

1975-இல் ஆட்கள் குடிவந்து 1982 ஏப்ரலில் புல்டோசரால் தரைமட்டமான ஒரு ஊருக்கு என்ன பெரிய வரலாறு இருந்துவிடப் போகிறது என்று தோன்றும். சினாய் தீபகற்பத்தின் வடகிழக்கு மூலையில், மத்தியதரைக் கடலை ஒட்டி, ரஃபாவுக்குத் தென்மேற்கே இஸ்ரேல் கட்டிய யாமித்தைத்தான் சொல்கிறேன். போரில் பிடித்த நிலத்தில் எழும்பி, உடன்படிக்கையால் கைமாறி, இன்று வரைபடத்தில் இல்லாத இடம். இந்த மாதிரி இடங்களைப் பற்றி எழுதப் பழக வேண்டுமானால் யாமித்திலேயே தொடங்குங்கள் என்பேன். ஆயுள் குறைவு, ஆவணம் ஏராளம், பாதிக்குமேல் இணையத்திலேயே கிடைக்கும். தமிழில் இதைப் பற்றி விரிவாக எழுதியவர்களும் அதிகமில்லை.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், மீதியெல்லாம் இதிலிருந்துதான் வரும். குடியேற்றத்தின் கதையை அடிக்கல்லில் தொடங்கி இடிபாட்டில் முடிக்காதீர்கள். அப்படி எழுதினால் அது குடியேறியவர்களின் கதையாக மட்டும்தான் இருக்கும். அந்த நிலத்தில் முன்னால் இருந்தவர்கள் யார், இடித்த பிறகு யார் எங்கே போனார்கள் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் ஊரின் வரலாறு.

தேதிகளை முதலில் எழுதுங்கள், கருத்தை அப்புறம் பார்க்கலாம்

ஒரு தாளில் மேலிருந்து கீழாக ஆண்டுகளை எழுதுங்கள். யாமித்துக்கு நான் 1906-இலிருந்து தொடங்குவேன். அந்த ஆண்டுதான் ஒட்டோமான் அரசும் எகிப்தைத் தன் பிடியில் வைத்திருந்த பிரிட்டனும் தாபா தகராறுக்குப் பிறகு ரஃபாவிலிருந்து அகபா வளைகுடாக் கரையில் உள்ள தாபா வரை ஒரு கோடு கிழித்தன. பின்னால் நடந்த எல்லாப் பேச்சுவார்த்தையிலும் 'சர்வதேச எல்லை' என்று சொல்லப்பட்டது இந்தக் கோடுதான். கோடு போட்டாயிற்றே தவிர, ரஃபா மக்களின் அன்றாட வாழ்க்கையில் அது பெரிதாக உறைக்கவில்லை. 1948 போருக்குப் பிறகு காசாவும் எகிப்தின் நிர்வாகத்தில் இருந்ததால் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே அரசுதான் என்றாகிவிட்டது.

அடுத்து 1956 சூயெஸ் போர், சினாயைப் பிடித்த இஸ்ரேல் 1957 மார்ச்சில் பின்வாங்கியது, ஐ.நா. அவசரப் படை வந்து உட்கார்ந்தது. இந்தியா, கனடா, பிரேசில், யூகோஸ்லாவியா என்று பல நாட்டுப் படைப்பிரிவுகள் அதில் இருந்தன. கனடா, பிரேசில் என்ற இரண்டு பெயர்களையும் ஓரத்தில் குறித்து வையுங்கள், கடைசியில் தேவைப்படும். 1967 ஜூனில் ஆறு நாள் போர், சினாய் முழுவதும் இஸ்ரேல் கையில். 1972-இல் ரஃபா பகுதியிலிருந்து அரபுப் பழங்குடியினரான பெடூயின் மக்களை அப்புறப்படுத்தியது. 1973 அக்டோபர் போர். 1975-இல் யாமித்தின் முதல் குடும்பங்கள். 1978 செப்டம்பர் 17 கேம்ப் டேவிட் ஒப்பந்தம், 1979 மார்ச் 26 எகிப்து-இஸ்ரேல் சமாதான உடன்படிக்கை, 1982 ஏப்ரல் 25 கடைசிக் கட்டப் பின்வாங்கல். எகிப்தில் அந்த ஏப்ரல் 25 இன்றும் சினாய் விடுதலை நாள், அரசு விடுமுறை.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். 1967-க்கும் 1975-க்கும் நடுவே எட்டு வருடம் இருக்கிறது. ஊர் இருந்த காலத்தைவிட ஊர் வருவதற்கு முந்திய காலம் நீளம். ஆனால் பெரும்பாலான கட்டுரைகள் இந்த எட்டு வருடத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடும். உங்கள் உழைப்பில் பாதி அந்த இடைவெளியில்தான் போக வேண்டும்.

அந்த நிலம் காலியாக இருந்ததா?

"மணல்மேட்டில் நகரம் எழும்பியது" என்ற தொனியில் எந்தப் பழைய செய்தியைப் படித்தாலும் சந்தேகப்படுங்கள். மணல் இருந்தது உண்மைதான். அதே பகுதியில் வாதுமை, பீச், ஆலிவ், ஆமணக்கு பயிரிட்டு வாழ்ந்த பெடூயின் குடும்பங்களும் இருந்தன. ருமைலாத் முக்கியமான குலம். பெடூயின் என்றாலே ஒட்டகம், கூடாரம், நாடோடி என்று நாம் கற்பனை செய்துகொள்வதால் விவசாயம் செய்து ஓரிடத்தில் தங்கியவர்கள் கணக்கில் வராமலே போய்விடுகிறார்கள்.

1972 ஜனவரியில் இஸ்ரேல் இராணுவத்தின் தென்மண்டலத் தளபதியாக இருந்த ஏரியல் ஷரோனின் உத்தரவில் இவர்களை வெளியேற்றி, வீடுகளையும் கிணறுகளையும் தகர்த்து, நிலத்தைச் சுற்றி வேலி போட்டார்கள். எத்தனை பேர்? இராணுவத் தரப்புக் கணக்கு சுமார் 5,000. பெடூயின் ஷேக்குகள், அதாவது குலத் தலைவர்கள், சொன்னது 20,000. இப்படி நாலு மடங்கு வித்தியாசத்தில் எண்கள் வரும்போது சராசரி எடுத்து "சுமார் 12,000" என்று எழுதிவிடும் வேலை மட்டும் வேண்டாம், அப்படி ஒரு எண்ணை யாருமே சொல்லவில்லை. இரண்டையும் கொடுத்து, எது யார் சொன்னது என்று அருகிலேயே போட்டுவிடுங்கள்.

செய்தி வெளியே வந்ததே தனிக் கதை. அக்கம்பக்கத்துக் கிப்புட்ஸ்களில் (எல்லாம் பொதுவுடைமையாக இருக்கும் கூட்டு வேளாண் ஊர்கள்) இருந்த இடதுசாரி இஸ்ரேலியர்கள் சிலர் நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டார்கள். இராணுவ விசாரணை நடந்தது, ஷரோன் தன் அதிகாரத்தை மீறினார் என்று கண்டிக்கப்பட்டார். வெளியேற்றப்பட்டவர்களுக்கு நிலம் திரும்பவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் தேட வேண்டிய ஆவணம் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. ஷேக் சுலைமான் அபு ஹிலுவும் வேறு சில ஷேக்குகளும் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட மனு, எண் 302/72. 1973-இல் தள்ளுபடியானது. தோற்ற வழக்குதானே என்று விட்டுவிடாதீர்கள். அரசு எதிர்வாதம் செய்தே ஆக வேண்டியிருந்ததால் அதன் காரணங்கள் எழுத்தில் பதிவாகிவிட்டன. காசாவுக்கும் சினாய்க்கும் நடுவில் ஆயுதக் குழுக்கள் போய்வருவதைத் தடுக்க ஒரு இடைவெளிப் பகுதி தேவை என்பது இராணுவத்தின் வாதம், அதற்குச் சத்தியப் பிரமாணம் கொடுத்தவர் ஜெனரல் இஸ்ரேல் தால். நீதிமன்றம் அதை ஏற்றது. தீர்ப்பு வந்து இரண்டே வருடத்தில், பாதுகாப்புக்காக என்று காலி செய்த நிலத்தில் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் குடிவந்தன. இதற்கு நீங்கள் விளக்கவுரை எதுவும் எழுத வேண்டாம், இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

கூடவே 1979 அக்டோபரில் வந்த ஏலோன் மோரே தீர்ப்பையும் எடுத்துப் படியுங்கள். மேற்குக் கரையில் ஒரு குடியேற்றத்துக்கு நிலம் எடுத்ததை அதே உச்ச நீதிமன்றம் ரத்து செய்த வழக்கு. இரண்டு அமர்விலும் நீதிபதி லாண்டௌ இருந்தார். ஆறு வருடத்தில் என்ன மாறியது என்று கேட்டுப் பார்த்தால் உங்கள் கட்டுரைக்கு நல்ல ஒரு பத்தி கிடைக்கும்.

வரைபடமும் செயற்கைக்கோள் படமும்

யாமித்தை இன்றைய இணைய வரைபடத்தில் தமிழிலோ ஆங்கிலத்திலோ தட்டினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முதலில் ரஃபாவையும் ஷேக் சுவெய்தையும் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவே கடற்கரையோரமாக வாருங்கள். ஹீப்ருவிலும் அரபியிலும் பெயரை எழுதித் தேடுவது கட்டாயம், எழுத்து தெரியாவிட்டால் விக்கிப்பீடியாவின் அந்தந்த மொழிப் பக்கத்திலிருந்து நகலெடுத்துக்கொள்ளலாம். ஒரே இடத்தை இஸ்ரேல் ஆவணம் ஒரு பெயரில் சொல்லும், எகிப்து ஆவணம் வேறு பெயரில் சொல்லும். அகபா வளைகுடாப் பக்கம் இதற்குச் சுலபமான உதாரணங்கள் இருக்கின்றன: ஓஃபிரா என்றால் ஷார்ம் எல்-ஷேக், தி-ஸஹாவ் என்றால் தஹாப், நெவியோத் என்றால் நுவெய்பா. இந்த மாதிரி ஒரு பெயர்ப் பட்டியலைத் தொடக்கத்திலேயே போட்டு வைத்துக்கொள்ளாவிட்டால் ஒரே ஊரை இரண்டு ஊராக எண்ணிவிடுவீர்கள்.

சரி, படங்களுக்கு வருவோம். அமெரிக்க நிலவியல் அளவாய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்புளோரர் தளத்தில் கணக்குத் தொடங்குவது இலவசம். பனிப்போர்க் கால உளவுப் படங்கள் ரகசிய நீக்கம் செய்யப்பட்டு அங்கே கிடக்கின்றன. கொரோனா என்ற உளவுத் திட்டம் 1972-இல் நின்றது, அதாவது அந்தப் படங்கள் யாமித்துக்கு முந்திய நிலத்தைக் காட்டும். அதற்குப் பிந்திய ஹெக்சகன் படங்கள் 1970-களுக்கும் 80-களின் தொடக்கத்துக்கும் ஆகும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து அருகருகே வைத்துப் பாருங்கள். தோட்டங்களின் வரப்பு, வண்டித்தடம், பின்னால் வந்த தெருக்களின் நேர்கோடு என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கலாம். ஏற்கெனவே யாரோ காசு கொடுத்து ஸ்கேன் செய்ய வைத்த பிலிம் என்றால் உங்களுக்கு இலவசமாக இறங்கும், இல்லையென்றால் கட்டணம் கேட்கும்.

லேண்ட்சாட் படங்களும் 1972-இலிருந்து இருக்கின்றன. ஆனால் ஆரம்பகாலக் கருவியில் ஒரு புள்ளி ஏறக்குறைய 80 மீட்டர் தரைக்குச் சமம். வீடு தெரியாது, தெரு தெரியாது. அவற்றில் எது நன்றாகத் தெரியும் என்றால் எல்லைக்கோடு. ஆடுகள் மேய்ந்து வெளுத்துப்போன சினாய்ப் பக்கம் பளிச்சென்றும், மேய்ச்சல் குறைந்த, இஸ்ரேலின் நெகேவ் பாலைவனப் பக்கம் கருத்தும் இருப்பதால் 1906-இல் காகிதத்தில் போட்ட கோடு வானத்திலிருந்தே தெரிந்தது, விஞ்ஞானிகள் 1970-களிலேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார்கள்.

கூகுள் எர்த்தில் பழைய தேதிக்குப் போகும் வசதியை நம்பி ஒரு பொறியில் விழாதீர்கள். ரஃபாவின் எகிப்துப் பக்கம் பெரிய இடிபாடுகள் தெரியும், அதைப் பார்த்ததும் "ஆகா, யாமித்!" என்று படம் பிடித்துப் போட்டுவிடத் தோன்றும். அது யாமித் அல்ல. 2013-க்குப் பிறகு, குறிப்பாக 2014 அக்டோபரிலிருந்து, காசா எல்லையோரம் பாதுகாப்பு வளையம் அமைக்கிறோம் என்று எகிப்து இராணுவம் இடித்த எகிப்தியர்களின் வீடுகள் அவை. 2013 ஜூலையிலிருந்து 2015 ஆகஸ்ட் வரை மட்டும் குறைந்தது 3,255 கட்டிடங்கள் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டது. இது வேறு காலம், இடித்த அரசும் வேறு.

இன்னொரு பொறி, இதைக் கேட்டால் சிரிப்பு வரும். 1978 ஜனவரியில், எகிப்து அதிபர் சாதாத்துடன் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரத்தில், சினாயில் புதிய குடியேற்றங்கள் வருவது போல ஒரு தோற்றத்தை உண்டாக்கத் தண்ணீர்த் தொட்டி, பழைய பேருந்து, ஆழ்துளைக் கருவி எல்லாவற்றையும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். யோசனை அப்போது வேளாண் அமைச்சராக இருந்த ஷரோனுடையது. பேரத்தில் விட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டுமே! ஆகவே அந்த ஆண்டின் வரைபடத்திலோ பத்திரிகைச் செய்தியிலோ ஒரு புள்ளி இருந்தால் அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்களா என்று தனியாகச் சரிபாருங்கள். சினாயில் மொத்தம் எத்தனை குடியேற்றங்கள் என்பதற்கு நூலுக்கு நூல் எண் மாறுவதில் எதை எண்ணுவது, எதை விடுவது என்ற குழப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

திட்டத்தை ஊராக நினைத்துவிடாதீர்கள்

யாமித்தைப் பற்றி நீங்கள் படிக்கப்போகும் முதல் பத்துப் பக்கங்களில் ஏதாவது ஒன்றில் "இரண்டரை லட்சம் மக்களுக்கான துறைமுக நகரம்" என்று வரும். அது பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான் தள்ளிய கனவு. ஆழ்கடல் துறைமுகம், காசாவுக்கும் சினாய்க்கும் நடுவில் ஆப்பு அடித்தாற்போல ஒரு பெரிய யூத நகரம். 1973-இல் ஆளும் தொழிற்கட்சிக்குள் இதை வைத்துப் பெரிய சண்டை, கடைசியில் காலிலி ஆவணம் என்ற சமரசத் தாளில் வந்து நின்றது. சில வாரங்களில் அக்டோபர் போர் வெடித்துவிட்டது.

கட்டி முடித்தபோது ஊரில் இருந்தவர்கள் சுமார் 2,500 பேர். நூற்றில் ஒரு பங்கு. அமெரிக்காவிலிருந்தும் சோவியத் ஒன்றியத்திலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் கணிசம். துறைமுகம் கடைசிவரை வரவில்லை. திட்ட ஆவணங்களும் மாதிரிப் படங்களும் பளபளவென்று இருக்கும், எழுதுபவனுக்கு அவைதான் முதலில் கைக்கு வரும், அதனாலேயே எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'நினைத்தது', 'நடந்தது' என்று இரண்டில் ஒன்றைக் குறித்துக்கொண்டால் குழப்பம் வராது.

சுற்றுவட்டாரத்தையும் விட்டுவிடாதீர்கள். யாமித் நடுவில், சுற்றிலும் சதோத், நெதிவ் ஹாஅசாரா, தல்மெய் யோசெஃப் போன்ற மோஷாவ்களும் (கூட்டுறவு வேளாண் ஊர்கள்) சூஃபா, ஹோலித் கிப்புட்ஸ்களும். பசுமைக்குடிலில் தக்காளி, காய்கறி, பூ. அங்கே கூலிக்கு வேலை செய்தவர்களில் அதே வட்டாரத்துப் பெடூயின்கள் இருந்தார்கள். குடியேறியவர்களின் நினைவுக் குறிப்புகளைப் படிக்கும்போது இந்த வேலையாட்கள் பெரும்பாலும் பெயரில்லாமல் ஓரமாக வந்து போவார்கள். அந்த வரிகளைத் தேடிப் பிடித்து மடக்கி வையுங்கள். 1972-க்கும் 1975-க்கும் நடுவில் அந்தக் குடும்பங்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு வேறு சாட்சி அதிகம் கிடைக்காது.

ஒரே ஆளைப் பின்தொடருங்கள்

ஆவணம் மலைபோலக் குவிந்து திணறும்போது எனக்குப் பிடித்த வழி இது. தொடக்கத்திலும் முடிவிலும் வரும் ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டு அவர் போகிற இடமெல்லாம் போவது. யாமித்தில் அந்த ஆள் யார் என்று இதற்குள் ஊகித்திருப்பீர்கள்.

1972-இல் பெடூயின்களை விரட்டி நிலத்தைக் காலி செய்த தளபதி ஷரோன். 1977-க்குப் பிறகு பிரதமர் பெகின் அரசில் வேளாண் அமைச்சர், குடியேற்றக் குழுவின் தலைவர், போலித் தண்ணீர்த் தொட்டிக்காரர். 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிட்டில் பெகின் "குடியேற்றத்தைக் கலைக்க மாட்டேன்" என்று அடம்பிடித்துப் பேச்சு முறியும் நிலைக்கு வந்தபோது, இஸ்ரேலிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, பாதுகாப்பு நோக்கில் அவற்றைக் கைவிடுவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொன்னவரும் இவரே. அந்த மாதக் கடைசியில் இஸ்ரேல் நாடாளுமன்றமான நெசெட்டில் ஒப்பந்தம் 84-க்கு 19 என்று நிறைவேறியது, 17 பேர் வாக்களிக்கவில்லை. 1982-இல் பாதுகாப்பு அமைச்சராக யாமித்தை இடிக்கச் சொன்னார். 2005-இல் பிரதமராக காசாவின் குடியேற்றங்களையும் கலைத்தார். ஒரே வேலையை அவர் முப்பது வருடத்துக்கு மேல் இரண்டு திசையிலும் செய்திருக்கிறார்! கட்டுரையின் முதுகெலும்பு இதிலேயே கிடைத்துவிடும்.

பெகினையும் லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற பிறகு எல் அரீஷ் பக்கத்தில் உள்ள நெயோத் சினாயில் போய்க் குடியிருப்பேன் என்று பகிரங்கமாகச் சொன்ன பிரதமர் அவர். உடன்படிக்கையின் முதல் கட்டத்திலேயே, 1979 மே மாதம், அந்தக் குடியேற்றம்தான் முதலில் போயிற்று.

ஒரு எச்சரிக்கை: இப்படி ஆளைப் பின்தொடரும்போது எல்லாமே அவர் ஒருவரின் கைவேலை என்ற தோற்றம் வந்துவிடும். அமைச்சரவை, கட்சி, அமெரிக்க அழுத்தம் எல்லாவற்றையும் இடையிடையே நுழைத்துச் சரிசெய்ய வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்றுப் பிரிவு வெளியிட்ட அதிபர் கார்ட்டர் காலத் தொகுதிகளில் கேம்ப் டேவிட் குறிப்புகள் நாள்வாரியாக இருக்கின்றன, இணையத்தில் இலவசம். குடியேற்றங்கள் பற்றிய ஐ.நா. நிலைப்பாட்டுக்குப் பாதுகாப்புச் சபையின் 242 (1967), 446 (1979) இரண்டு தீர்மானங்களையும் மூலத்திலேயே படியுங்கள். ஆளுக்கு இரண்டு பக்கம்கூட வராது.

1982 ஏப்ரல் படங்களில் இருப்பது யார்?

யாமித் என்று தேடினால் கொட்டும் படங்களெல்லாம் ஏறக்குறைய அந்த ஒரு வாரத்தில் எடுத்தவை. கூரைமேல் ஆட்கள், ஏணியில் ஏறும் சிப்பாய்கள், பீச்சியடிக்கும் நுரையும் தண்ணீரும், கிரேனில் தொங்கும் கம்பிக்கூண்டுக்குள் ஏற்றி இறக்கப்படும் இளைஞர்கள். பார்த்தவுடன் "சொந்த வீட்டை விட மறுக்கும் யாமித் மக்கள்" என்று தலைப்புப் போடத் தோன்றும்.

நிதானியுங்கள். யாமித்தின் அசல் குடும்பங்களில் பெரும்பாலோர் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு முன்பே போய்விட்டார்கள். இழப்பீட்டுக்கு இஸ்ரேல் தனிச் சட்டமே போட்டது, தொகை பற்றிப் பெரிய பேரமும் நடந்தது. கடைசி வாரத்தில் கூரைமேல் இருந்தவர்களில் பெரும்பகுதி பின்வாங்கலை எதிர்த்து வெளியிலிருந்து வந்தவர்கள், மேற்குக் கரையிலிருந்து வந்த மதச்சார்புக் குடியேற்ற இயக்கத்தினர் அதிகம். தீவிர வலதுசாரி மதகுரு மெய்ர் கஹானேயின் ஆதரவாளர்கள் சிலர் ஒரு பதுங்குகுழிக்குள் பூட்டிக்கொண்டு தற்கொலை செய்வோம் என்று மிரட்ட, கஹானேயையே கூட்டிவந்து பேச வைக்க வேண்டியதாயிற்று. நினைவுத்தூணின் உச்சியில் ஏறி உட்கார்ந்த மாணவர் கூட்டத்தின் தலைவர் த்சாஹி ஹனெக்பி பின்னாளில் அமைச்சரானார். அந்தத் தூண் 1967-இல் ரஃபாவைப் பிடித்த எஃகுப் படைப்பிரிவின் நினைவுச் சின்னம். அந்தப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் கொடுத்த அதே இஸ்ரேல் தால்.

ஆக ஒவ்வொரு படத்துக்கும் தேதி, எடுத்தவர், படத்தில் இருப்பவர் உள்ளூரா வெளியூரா என்று மூன்றையும் கேளுங்கள். இஸ்ரேல் அரசுப் பத்திரிகைத் துறையின் தேசியப் படத் தொகுப்பில் குறிப்புகளோடு கிடைக்கும். அன்றைய ஹீப்ரு நாளிதழ்களை இஸ்ரேல் தேசிய நூலகத்தின் வரலாற்று நாளிதழ்த் தளத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், இயந்திர மொழிபெயர்ப்பு இப்போது படிக்கும்படி இருக்கிறது, பெயர்களில் மட்டும் சொதப்பும். ஆளும் தரப்புப் பத்திரிகை ஒன்று, எதிர்த்தரப்புப் பத்திரிகை ஒன்று, அல்-அஹ்ராம் போல எகிப்துப் பத்திரிகை ஒன்று என்று மூன்றையும் ஒரே நாளுக்கு எடுத்து ஒப்பிடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் கன்னிமாராவில் பழைய நாளிதழ்த் தொகுப்புகளில் 1978 செப்டம்பர், 1982 ஏப்ரல் இரண்டையும் கேட்டுப் பார்க்கலாம். இங்கே இந்தச் செய்தியை எப்படிப் படித்தோம் என்பதும் உங்கள் கட்டுரையில் ஒரு பத்தியாக வரலாம்.

ஏன் அப்படியே கொடுக்காமல் இடித்தார்கள்? குடியேறியவர்கள் திரும்ப நுழைந்துவிடக் கூடாது என்பது ஒரு விளக்கம், எல்லையை ஒட்டி ஒரு பெரிய எகிப்திய நகரம் வளர்ந்துவிடக் கூடாது என்பது இன்னொன்று. ஆனால் ஓஃபிராவையும் நுவெய்பாவையும் இடிக்கவில்லை, அவை எகிப்தின் சுற்றுலா ஊர்களாக வளர்ந்தன. ஒரே உடன்படிக்கையின் கீழ் இரண்டு விதமாக நடந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் காரணத்தை மட்டும் எழுதினால் அரைகுறையாகத்தான் இருக்கும்.

இடித்த பிறகு

பெரும்பாலோர் நிறுத்திவிடும் இடம் இதுதான், நீங்கள் தொடருங்கள். சூஃபா, ஹோலித், நெதிவ் ஹாஅசாரா மூன்றும் அதே பெயரோடு இஸ்ரேல் எல்லைக்குள், காசாவை ஒட்டி மறுபடி எழுந்தன. 2023 அக்டோபர் 7 தாக்குதலில் அடிபட்ட ஊர்களின் பட்டியலில் இந்த மூன்று பெயர்களும் இருக்கும். அத்ஸ்மோனா என்ற குடியேற்றம் காசாவுக்கு உள்ளேயே போய் அமர்ந்தது, 2005-இல் இரண்டாவது தடவை காலி செய்யப்பட்டது. ஒரு ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டு அது வரைபடத்தில் எங்கெல்லாம் நகர்ந்தது என்று அம்புக்குறி போட்டால் ஒரு பக்கம் நிறையும்.

அதே 1982 ஏப்ரலில் இன்னொரு கூட்டமும் மாட்டிக்கொண்டது, அவர்களைப் பற்றி யாமித் கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு வரி இருக்காது. 1906 கோட்டின்படி எல்லை திரும்ப வந்ததும் ரஃபா நகரமே இரண்டாகப் பிளந்து நடுவில் முள்வேலி வந்தது. 1970-களின் தொடக்கத்தில் ரஃபா முகாமில் இஸ்ரேல் இராணுவம் சாலை அகலப்படுத்த வீடுகளை இடித்தபோது வீடிழந்த பாலஸ்தீன அகதிகளை, முன்பு ஐ.நா. படையின் கனடியர்களும் பிரேசிலியர்களும் பாளையம் இறங்கியிருந்த இடங்களில் குடிவைத்திருந்தார்கள். பிரேசில் முகாம் காசாப் பக்கம் விழுந்தது. கனடா முகாம் எகிப்துப் பக்கம் விழுந்தது, சுமார் 500 குடும்பங்கள். அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் என்று ஆகி, வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்திக் கத்திப் பேசிக்கொண்டார்கள், கல்யாணச் செய்தியும் சாவுச் செய்தியும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. திரும்ப அழைத்துக்கொள்ள ஒப்புக்கொண்ட பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டார்கள், கடைசிக் குடும்பங்கள் காசாவின் தல் அல்-சுல்தானுக்கு வந்து சேர 2000 வரை ஆயிற்று. இவர்களுக்கு ஐ.நா.வின் பாலஸ்தீன அகதிகள் முகமையின் ஆவணங்களைத் தேடுங்கள், 'கனடா முகாம்' என்ற பெயரிலேயே கிடைக்கும்.

எல்லைத் தகராறின் வாலாக தாபாவும் இருக்கிறது. சினாய் முழுவதும் கைமாறியும் அந்தத் துண்டுக் கடற்கரை மட்டும் சிக்கலில் நின்று, 1988-இல் நடுவர் மன்றம் எகிப்துக்கே என்று சொல்ல, 1989 மார்ச்சில் ஒப்படைக்கப்பட்டது. நடுவர் மன்றத் தீர்ப்பு முழுக்க எல்லைக் கற்களைப் பற்றியது, பொறுமை இருந்தால் படிக்க அருமையாக இருக்கும். யாமித் கட்டுரைக்குள் இதைத் திணிக்க வேண்டாம், தனியாக எழுதுங்கள்.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதலாமே என்று கிளம்பிவிடாதீர்கள். வடக்கு சினாயில் பல வருடங்களாக இராணுவக் கட்டுப்பாடு, வெளிநாட்டுப் பயணிக்கு அனுமதி கிடைப்பது அரிது, படம் எடுத்தால் வம்பு. அந்த வட்டாரத்தில் இஸ்ரேல் கட்டிய பழைய எய்தாம் விமானத்தளம் உடன்படிக்கைக்குப் பிறகு எல் கோரா என்ற பெயரில் பன்னாட்டுக் கண்காணிப்புப் படையின் முகாமானது, அதன் படங்களையும் ஆண்டறிக்கைகளையும் அந்தப் படையின் தளத்திலேயே பார்க்கலாம். கட்டாயம் சினாயில் கால் வைத்தே தீர வேண்டும் என்றால் தெற்கே ஷார்ம் எல்-ஷேக்குக்கோ தஹாபுக்கோ போங்கள், பழைய இஸ்ரேல் காலக் கட்டிடங்கள் எவை என்று உள்ளூர் முதியவர்களிடம் விசாரித்தால் காட்டுவார்கள், அங்கே கேமராவுக்கும் தொல்லை குறைவு.